திரும்பத் திரும்ப வரும் கோழிச் சளி

கேள்வி: வீட்டில் செல்லமாக வளர்க்கும் பெட்டைக்கோழி, வயது மூன்று. ஒரு வருடமாகச் சளி. மருந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுகிறது. குளிர் வந்தாலோ இறகு உதிர்த்தாலோ மறுபடியும் ராத்திரியில் கொரகொரவென்று மூச்சு விடுகிறது, கண்ணோரம் நுரை கட்டுகிறது. அடியோடு குணமாகுமா? அதன் முட்டையை அடை வைக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாள்பட்ட சுவாச நோய் போலத்தான் இருக்கிறது, பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி. என்பார்களே, அதுதான். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது. ரத்தப் பரிசோதனையோ தொண்டைச் சளியில் பி.சி.ஆர். பரிசோதனையோ செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேறு சில சளி நோய்களும் ஆரம்பத்தில் இப்படித்தான் தெரியும். அதுதான் என்றால், அடியோடு போகாது. மருந்து கிருமியை அடக்கி வைக்கும், ஆனால் கோழி ஆயுசுக்கும் அதைச் சுமந்துகொண்டே இருக்கும், உடம்பு கொஞ்சம் தளர்ந்தால் அது தலைதூக்கும். உங்கள் மேல் தப்பில்லை.

மருந்தை நீங்களாக மாற்றி மாற்றிக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, அதனால் செல்சுவரை உடைத்துக் கொல்லும் பென்சிலின், அமாக்சிசிலின் வகைகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டைலோசின், டாக்ஸிசைக்கிளின் மாதிரியானவை கேட்கும், அளவையும் நாட்களையும் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். தண்ணீரில் கலந்து வைத்தால் நோயுற்ற கோழி பாதிகூடக் குடிக்காது, டைலோசின் கசப்பு வேறு, அதனால் ஒற்றைக் கோழிக்கு வாய் வழியாகவே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

எனக்கு மருந்தைவிடக் காற்றைப் பற்றித்தான் கவலை. ஒரு வேலை செய்யுங்கள், விடியற்காலையில் கூண்டைத் திறந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு உங்கள் மூக்கைக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஏற்கெனவே அதிகம் என்று அர்த்தம். 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டக் கூடாது என்பது பண்ணைக் கணக்கு, உங்கள் கோழிக்கு அதுவே ஜாஸ்தி. மூச்சுக்குழாயின் உள்ளே அழுக்கை மேலே தள்ளும் நுண்மயிர்களை அம்மோனியா செயலிழக்கச் செய்துவிடும், அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம். கூளத்தை ஈரமாக விடாதீர்கள், காற்று மேலே வெளியேற வழி இருக்கட்டும், ஆனால் உட்காரும் இடத்தில் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. அடுப்புப் புகை, வாசனை ஸ்பிரே எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே உள்ளே போகும். கண் நுரையை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறை, தீவனம் போடுவதற்கு முன்னால், ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். பறவை நோயை மறைக்கும், மேய்கிற மாதிரி நடிக்கும், தராசை ஏமாற்ற முடியாது. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடை வைக்கவே வைக்காதீர்கள், கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். சாப்பிடலாம், இது மனிதருக்கு ஒட்டுகிற நோயல்ல, ஆனால் மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் முட்டை வேண்டாம். கூடவே மேய்ந்த மற்ற கோழிகளுக்கு இதற்குள் தொற்றியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இப்போது பிரித்து வைத்துப் பெரிய லாபமில்லை. புதுக் கோழி, குஞ்சு எதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், இங்கிருந்து ஒன்றை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.