கேள்வி பதில்: அழுக்கு சேர்வது எப்போது?

கேள்வி: இன்ஜெக்டரில் (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் சின்னக் குழாயில்) அழுக்கு சேராத பெட்ரோல் என்கிறார்களே, அதை லேபில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிப் பார்ப்பார்களா?

பதில்: குலுக்கினால் ஒன்றும் தெரியாது, காரைத்தான் ஓட்ட வேண்டும்! அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி5598 என்று ஒரு சோதனை இருக்கிறது. 1980களின் நடுவில் வந்த கிரைஸ்லர் 2.2 லிட்டர் டர்போ காரை மணிக்கு 55 மைல் வேகத்தில் 15 நிமிடம் ஓட்டி, அப்புறம் இன்ஜினை அணைத்து 45 நிமிடம் சும்மா நிறுத்திவைப்பார்கள், இப்படியே மொத்தம் 10,000 மைல். ஓட்டுவதைவிட நிறுத்துவது ஏன் அதிக நேரம் என்று கேட்பீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஓடும்போது புது பெட்ரோல் பாய்ந்து இன்ஜெக்டர் முனையைக் கழுவிக்கொண்டே போகும். நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் முனையில் தங்கிய துளி வெந்து, அதிலுள்ள ஓலிஃபின் என்ற, எளிதில் வினைபுரியும் வகை சேர்மங்கள் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் இன்ஜெக்டரைக் கழற்றி, முன்பு எவ்வளவு பெட்ரோல் பாய்ந்தது, இப்போது எவ்வளவு என்று அளப்பார்கள். ஏதாவது ஒரு இன்ஜெக்டரில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும் அந்தப் பெட்ரோல் ஃபெயில். இத்தனை பெட்ரோலை எரிக்கப் பணம் இல்லையா? சரி, மேசைமேல் இன்ஜெக்டரை மட்டும் சூடாக்கிப் பார்க்கும் டி6421 என்ற மலிவான சோதனையும் உண்டு.