சின்ன டெப்: வாங்கியவர்கள் சொல்லும் நிறையும் குறையும்

எட்டு அங்குலத்தை ஒட்டிய திரையுள்ள சின்ன டெப் (டெப்லட்) வைத்திருப்பவர்கள் அதன் நல்லது கெட்டதை எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். அட்டன் பக்கமிருந்தும் பண்டாரவளைப் பக்கமிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்தன. இடம் போதாததால் எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.

மகள் தரம் 9. கடந்தகால வினாத்தாள் பார்க்கவும் பாட வீடியோ பார்க்கவும் சின்ன டெப் ஒன்று வாங்க நினைக்கிறோம். வாங்கியவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா? (மஸ்கெலியா)

வீடியோ பார்ப்பவர்கள் திருப்தி. வினாத்தாள் பார்ப்பவர்கள் பாதித் திருப்தி.

எனக்கு எழுதியவர்களில் பலரிடம் இருப்பது சாம்சங் டெப் ஏ7 லைட், இல்லையென்றால் அதற்குப் பிறகு 2023இல் வந்த டெப் ஏ9. இரண்டுக்கும் திரை 8.7 அங்குலம், பெட்டரி 5,100 எம்ஏஎச். எடை 350 கிராம் அளவில்தான், அதனால் பிள்ளை படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம். ஹெட்போன் குத்தும் துளை இருப்பதை நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். நாலு பேர் படுக்கிற லயக் காம்பராவில் ஒரு பிள்ளை மட்டும் பாடம் கேட்க வேண்டுமென்றால் அந்தத் துளையின் அருமை தெரியும். மெமரி கார்டும் போடலாம்.

குறைக்கு வருவோம். போன வாரம் ஒரு டெப் ஏ9இன் மேல் அடிமட்டம் வைத்து அளந்தேன். நேராகப் பிடித்தால் திரையின் அகலம் 11 சென்டிமீட்டரும் கொஞ்சமும். வினாத்தாள் ஏ-4 அளவு, அதாவது 21 சென்டிமீட்டர். ஆகவே எழுத்துகள் பாதிக்குச் சற்று மேலான அளவில்தான் தெரியும். சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளைத் திறந்து வைத்தேன். இரசாயனச் சமன்பாட்டில் கீழே வருகிற குட்டி 2 எனக்கு 3 மாதிரித் தெரிந்தது. மெய்யெழுத்தின் புள்ளிகள் பல இடங்களில் மறைந்தே போயின. பிள்ளையின் கண் என் கண்ணைவிட நல்லதுதான், ஆனால் ஒரு மணி நேரம் அப்படிப் பார்த்தால் எந்தக் கண்ணும் களைத்துவிடும். டெப்பைப் படுக்கையாகத் திருப்பினால் அகலம் 19 சென்டிமீட்டர் கிடைக்கும், எழுத்து ஏறக்குறைய அச்சில் இருப்பது போலவே வரும். பக்கத்தை இரண்டு மூன்று தடவை நகர்த்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் வாங்கும்போது பாட்டு வீடியோ போட்டுப் பார்க்காதீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலிருந்து ஒரு தமிழ் வினாத்தாளை இறக்கித் திறந்து பாருங்கள். கணிதப் படம் போட்ட பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு குறை மெமரி. ஏ7 லைட்டின் 3 ஜிபி ரேம் (வேலை ஓடும்போது பாவிக்கிற மெமரி), 32 ஜிபி கொள்ளளவு (படம், வீடியோ சேமிக்கிற இடம்) வகையை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'மெதுவாகிவிட்டது' என்கிறார்கள். 2021இல் வந்த கருவிக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்குப் பத்தாது. அந்த 32இல் பெரிய பங்கைச் சிஸ்டமே பிடித்துக்கொள்ளும். எந்தக் கம்பனியானாலும் 4 ஜிபி ரேம், 64 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள் அக்கா.

சிம் போடுவதா, வைஃபை மட்டும் உள்ளதா? விலையில் வித்தியாசம் இருக்கிறதே. (பூண்டுலோயா)

வீட்டில் வைஃபை இல்லை, போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார் என்றால் சிம் உள்ளதே. போன் எப்போதும் வீட்டில் இருக்கிறதென்றால் அதில் ஹொட்ஸ்பொட் போட்டுக்கொள்ளலாம், மிச்சக் காசை மெமரியில் போடுங்கள்.

சம்பளத்துக்கு மறுநாள் வேனில் வந்து விற்றார்கள். 12 ஜிபி ரேம், 512 ஜிபி என்று பெட்டியில் இருந்தது. செட்டிங்ஸிலும் அப்படியே காட்டுகிறது. ஆனால் ஒரு பாடத்தைத் திறந்தால் நின்றுவிடுகிறது, பிள்ளையின் படங்களும் திறக்க மாட்டேன் என்கிறது. பில் தரவில்லை. வேன்காரரின் போனும் வேலை செய்யவில்லை. (பொகவந்தலாவை)

தங்கச்சி, உங்களை யாராவது 'ஏன் யோசிக்காமல் வாங்கினாய்' என்று கேட்டால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். செட்டிங்ஸில் எழுதியிருப்பதை நம்புவது தப்பில்லை. அதையே மாற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யார் நினைப்பார்கள்?

நடப்பது இதுதான். உள்ளே இருப்பது 2 ஜிபி ரேமும் 16 ஜிபி கொள்ளளவுமாக இருக்கலாம். காட்டும் எண்ணை மட்டும் மாற்றிவிடுவார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகும் கருவி 'சேமித்துவிட்டேன்' என்றே சொல்லும். படங்களின் பெயர் இருக்கும், படம் இருக்காது. உங்கள் பிள்ளையின் படங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். இனி அதில் எதையும் சேமிக்காதீர்கள். திறக்கிற படங்களை இன்றைக்கே வேறு போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு புறக்கோட்டையில் நடைபாதையில் 128 ஜிபி என்று ஒரு மெமரி கார்டு வாங்கினேன். அம்மாவின் கடைசி வருஷத்துப் படங்களை அதில்தான் மாற்றி வைத்தேன். முதல் கொஞ்சம் படங்கள் மட்டும் திறந்தன. மீதி எல்லாம் சாம்பல் நிறச் சதுரங்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டுகிற படம் ஒன்று இருந்தது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கார்டும் டெப்பும் வாங்கினாலும், கொள்ளளவு நிறையும் மட்டும் பெரிய கோப்புகளை ஏற்றி, கடைசியாக ஏற்றியதைத் திறந்து பார்த்த பிறகுதான் பாவிக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டியை எறியாதீர்கள். வேனின் இலக்கம், விற்ற நாள், கொடுத்த காசு, பக்கத்துக் காம்பராவில் வேறு யார் வாங்கினார்கள் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்துச் சொல்லிவிட்டு எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள். நாள் சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் ஆனதே, அந்தக் கணக்கில் 27,000 ரூபா டெப் ஒன்று இருபது நாள் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. சம்பள நாளைக் கணக்குப் பார்த்து வருகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

'8+8 ஜிபி ரேம்' என்றால் 16தானே? (தலவாக்கலை)

இல்லை, 8தான். மற்றது சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது, ரேமின் வேகம் அதற்கு வராது.

வாங்கி ஐந்து மாதம். சார்ஜ் ஏறவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் 'உங்கள் ஊரில் பனி, ஈரம் போயிருக்கும், வொரண்டி செல்லாது' என்கிறார்கள். தண்ணீரில் விழவே இல்லை. (நானுஓயா)

இதைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன், திருந்தும் வரைக்கும் எழுதுவேன்.

நுவரெலியாவில் கடை வைத்து, நுவரெலியாவில் பாவிக்கத்தான் விற்கிறார்கள். விற்கும்போது தெரியாத பனி, பழுது பார்க்கும்போது மட்டும் எப்படித் தெரிகிறது? மே மாதம் மழை பிடித்தால் சுவரில் பூஞ்சணம் படிகிற ஊர் இது. இங்கே பாவிக்க முடியாத பொருளென்றால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பல கருவிகளின் உள்ளே ஒரு குட்டி வெள்ளை ஒட்டி இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகும். வழக்கமான காற்று ஈரத்துக்கு மாறாதபடிதான் அதைச் செய்கிறார்கள். ஆகவே கடைக்குப் போய் அமைதியாகக் கேளுங்கள்: 'தண்ணீர் பட்டதற்கான அடையாளத்தை எனக்குக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்.' எழுதித் தரச் சொன்னதும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும்.

அப்புறம் உங்கள் பில்லின் அடியில் பாருங்கள். '1 வருடம் = 350 நாள்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா? எத்தனையோ பில்லில் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு 365 நாள் என்றுதானே படித்தோம்? பதினைந்து நாளை யாரைக் கேட்டுக் கழிக்கிறார்கள்? அதையும் தமிழில் எழுதுவதில்லை. வாங்குகிறவருக்குத் தெரிந்த மொழியில் எழுதாத நிபந்தனையில் கையெழுத்து வாங்குவது நியாயமே இல்லை. நம் அம்மாமார் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பில்லை சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைக்கிறார்கள். அவர்கள் பத்திரப்படுத்தியது தங்களுக்கு எதிரான ஒரு கடதாசி என்று எனக்குத் தெரியும்போது வயிறு எரிகிறது.

ஐந்து மாதம் ஆகிவிட்டதால் அதிகார சபை முறைப்பாட்டுக்கு நாள் தாண்டிவிட்டது என்று யாராவது சொல்லலாம். ஆனாலும் 1977க்கு அழைத்து வொரண்டியை மறுத்த நாளைச் சொல்லிக் கேளுங்கள். கம்பனியின் இலங்கை முகவருக்கும் நேரடியாக எழுதுங்கள். ஒன்று மட்டும்: சார்ஜ் துளைக்குள் ஊசியோ குண்டூசியோ விட்டுக் கிண்டாதீர்கள். அது அவர்களுக்கு உண்மையான காரணத்தைக் கொடுத்துவிடும்.

பின்பக்கம் கொஞ்சம் உப்பி, திரை ஓரம் மேலே எழும்பியிருக்கிறது. இன்னும் வேலை செய்கிறது. தொடர்ந்து பாவிக்கலாமா? (அப்புத்தளை)

கூடவே கூடாது. பெட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், இன்றைக்கே அடுப்புக்குத் தூரமாக எடுத்து வைத்து, நாளைக்குப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அவசரமாகக் காசு வேண்டுமென்று அரை விலைக்குத் தந்தார். ரீசெட் பண்ணினேன், இப்போது பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்கிறது. அதை உடைக்க வழி சொல்லுங்கள். (அட்டன்)

சொல்ல மாட்டேன் தம்பி. அந்தப் பூட்டு திருட்டுக்காகவே வைத்தது. பெட்டி இல்லை, பில் இல்லை, விற்றவரின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. அரை விலை என்றதும் வேறு எதையும் கேட்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் பாடம் அதற்குள் இருக்கலாம். பொலிஸில் கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

பாவித்த டெப் வாங்கும் மற்றவர்களுக்கு: விற்பவர் உங்கள் முன்னால் தன் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, திரும்பவும் திறந்து காட்ட வேண்டும். சிம் போடும் வகையென்றால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கருவியின் 15 இலக்க அடையாள எண்ணையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும். புதிதாக வாங்கும்போதும், காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு இந்த எண் இருக்காது, அதற்குத் தொடர் இலக்கத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை.

மற்றவர்கள் பெட்டரி ஒன்றரை நாள் வருகிறது என்கிறார்கள். எனக்குப் பின்னேரத்துக்கே முடிந்துவிடுகிறது. ஒரே மொடல்தான். (நோர்வூட்)

உங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறதா? சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கிற இடத்தில் சிம் போட்ட டெப் டவரைத் தேடித் தேடி, கூடுதல் சக்தியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். பெட்டரி அங்கேதான் கரைகிறது. பாடத்தை மேட்டில் இருக்கும்போது இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள். 2020இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது நம் பிள்ளைகள் மலை உச்சியில் குடை பிடித்துக்கொண்டு படித்தார்கள். இறக்கி வைத்துப் படிக்கும் பழக்கத்தை அப்போது பிடித்த வீடுகளில் இன்றைக்கும் டேட்டா செலவு குறைவு.

கொழுந்து பறித்துவிட்டு வந்து தொட்டால் டெப் கேட்கவில்லை. பழுதா? (கொட்டகலை)

பழுதில்லை அக்கா. ஈரக் கையும் கொழுந்துக் கறையும்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

அப்பாவுக்கு 70 வயது. பேப்பர் வாசிக்கவும் மலேசியாவில் இருக்கும் அண்ணனோடு வீடியோவில் கதைக்கவும் சின்ன டெப் சரிவருமா? (பண்டாரவளை)

கதைப்பதற்கு மிகவும் நல்லது. போனைவிட முகம் பெரிதாகத் தெரியும், கையும் வலிக்காது. பேப்பர் வாசிக்க 10 அங்குலம் நல்லது, ஆனால் அரைக் கிலோ அளவு இருக்கும். கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டையும் அவர் கையில் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு, கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காத்திருங்கள்.