பழைய ஆட்டோமேட்டிக் காரில் 'டக் டக்' சத்தம்: இன்ஜின் போய்விட்டதா?

பெங்களூரு ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது சத்தம் வருகிறது, மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், ஊற்றும் வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அடுத்து, சத்தத்தின் குணம். மேட்டில் மிதிக்கும்போது மட்டும், தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கியது போல் கேட்டால், ஸ்பார்க்கின் தீ வந்து சேருமுன் மீதி பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கிறது என்று பொருள். கார்பன் படிவு, தவறான பிளக், சூடேறும் இன்ஜின், இந்த வெடிப்பை உணரும் நாக் சென்சாரின் கோளாறு என்று காரணம் தேடலாம். சில்க் போர்டு நெரிசலில் தினமும் ஊர்கிற வண்டியில் கார்பன் சேர்வது அதிசயமில்லை.

ஐடிலிலும் கனமாக 'டொக் டொக்' என்றால், வண்டியை அணைத்து ஒரு இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு மின்சாரம் தருவது) கனெக்டரைக் கழற்றி, சில நொடி மட்டும் ஓட்டிக் கேளுங்கள். இப்படி ஒவ்வொரு சிலிண்டராக. எதைக் கழற்றும்போது சத்தம் அடங்குகிறதோ, அந்தச் சிலிண்டரின் ராட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடம்) மேல்தான் சந்தேகம்.

பலர் கோட்டைவிடுவது ஃபிளெக்ஸ் பிளேட்டை, அதாவது இன்ஜினையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டை. டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது) உள்ள வண்டிகளில் அதன் போல்ட் தளர்ந்தாலும், தட்டு விரிசல் விட்டாலும் அசல் ராட் சத்தமேதான். பிரேக்கை மிதித்தபடி என்-னிலிருந்து டி-க்கு மாற்றுங்கள். சத்தம் மாறினால் அதையும் இன்ஜின் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்) என்றால் இந்தத் தட்டு கிடையாது, கிளட்ச்தான்.

எனக்கும் ஒரு கடையில் 'இன்ஜின் காலி சார்' என்றார்கள். கடைசியில் ஒரு போல்ட்!