பலகையிலிருந்து வில்: வாசகர் கேள்வி–பதில்

மரத் தட்டை வில்லைக் கையால் செய்யப் பார்க்கிறவர்களின் கேள்விகள் இவை. பதில்களில் 'முதுகு' என்பது இலக்கைப் பார்த்த பக்கம், 'வயிறு' என்பது எய்பவரைப் பார்த்த பக்கம். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி 'கரம்'. நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை 'வலு', அதைப் பவுண்டில் சொல்வோம். நாண் மாட்டும் நுனி வெட்டுக்குக் 'குதை' என்று நல்ல பழைய பெயர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலேய நீள வில் ஒடுங்கி, உருண்டு இருக்கிறது. தட்டை வில்லுக்கு மட்டும் ஏன் இத்தனை அகலம்? எடை கூடி அம்பு மெதுவாகப் போகாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

வில்லை வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். கரம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கடுமையாக இழுபடும், நசுங்கும். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்காகும். தடிமனை இரட்டித்தால் எட்டு மடங்காகும். ஆகவே மெல்லியதாக, அகலமாகச் செய்தால் அதே வலு கிடைக்கும், ஒவ்வொரு நாருக்கும் சுமை குறையும். நீள வில்லின் உருண்ட வயிற்றில் நசுங்கல் முழுவதும் நடு மேட்டில் விழுகிறது. யூ மரம் அதைத் தாங்கும். ஆஷ், எல்ம் போன்ற மரங்கள் திணறும்.

டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944-ல் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டு பழமையான எல்ம் வில்லுக்கும் அகன்ற தட்டைக் கரங்கள்தான். அமெரிக்காவின் சட்பரியில் 1660-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் குறிக்கப்படும் பூர்வகுடி வில்லும் தட்டையானதே, ஹிக்கரி மரத்தில் செய்தது. 1930-களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக், நாக்லர் ஆகிய அமெரிக்கர்கள் அளந்து, கணக்குப் போட்டு வந்து சேர்ந்த இடமும் இந்தத் தட்டை வடிவமே.

எடை பற்றிய பயம் பாதி சரி. அம்பின் வேகத்தைத் தின்பது நுனியில் இருக்கும் எடை. அதனால்தான் கரத்தின் நடுவில் அகலத்தை விட்டுவைத்து, நுனியை அரை அங்குலத்துக்கு ஒடுக்குகிறார்கள்.

வீட்டில் நல்ல தேக்குப் பலகை மிச்சமிருக்கிறது. அதில் செய்யலாமா? (காரைக்குடி வாசகி)

வேண்டாம். கோடரிக்கு யாராவது தேக்குக் காம்பு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தேக்கு உளுக்காது, முறுக்கிக்கொள்ளாது. ஆனால் திடீர் அதிர்ச்சியில் குறுக்கே ஒடியும். சுத்தியல் காம்புக்கும் டிரம்ஸ் குச்சிக்கும் போகிற ஹிக்கரி, கிரிக்கெட் ஸ்டம்புக்குப் போகிற ஆஷ், இல்லையென்றால் ரெட் ஓக் தேடுங்கள். இறக்குமதி மரம் விற்கும் பெரிய கடைகளில் ஆஷும் ஓக்கும் பலகையாகக் கிடைக்கும்.

மரத்தின் பெயரைவிட ரேகையின் ஓட்டம் முக்கியம். முதுகாக வரப்போகும் முகத்தில் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பலகையோடு ஓட வேண்டும். பாதி வழியில் கோடு பக்கவாட்டில் வெளியேறினால், வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். பக்க விளிம்பையும் இப்படியே பாருங்கள். கணு இருந்தால் பலகையை மாற்றுங்கள். ஐம்பது பலகையைப் புரட்டி ஒன்றை எடுப்பது சாதாரணம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

உருட்டு மரத்திலிருந்து செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது. வளையத்தைத் தேடி இழைப்பதற்குப் பதில், பட்டையைப் பக்குவமாக உரித்து, அடியில் இருக்கும் பரப்பையே முதுகாக விட்டுவிடுங்கள். அதில் உளியின் நுனிகூடப் படக்கூடாது. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் பெயின்ட் பூசுங்கள். பூசாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும்.

28 அங்குல இழுப்புக்கு, 35–40 பவுண்டு வில்லுக்கு அளவு சொல்லுங்கள். (திருநெல்வேலி வாசகர்)

6 அடி நீளம், 2 அங்குல அகலம், முக்கால் முதல் 1 அங்குலத் தடிமன் உள்ள பலகை போதும். வில்லின் நீளம் 68 அங்குலம். நடுவில் 4 அங்குலம் கைப்பிடி, அதற்கு இருபுறமும் 2 அங்குலம் சரிவு, மிச்சம் ஒவ்வொரு கரமும் 30 அங்குலம். கரத்தின் முதல் பாதிக்கு 1¾ அங்குல அகலத்தை அப்படியே விடுங்கள். அடுத்த பாதியில் நேர்கோடாக ஒடுக்கி, நுனியில் ½ அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத் தடிமன் சரிவை ஒட்டி 16 மி.மீ., நுனிப்பக்கம் 12 மி.மீ. கைப்பிடியில் அகலம் 1¼ அங்குலம்.

இவ்வளவு ஒடுங்கிய கைப்பிடி வளையாமல் நிற்க, வயிற்றுப் பக்கம் 8 அங்குலக் கட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். இரு பரப்பும் இடைவெளியின்றிப் படியட்டும். ஒட்டியபின் ஒரு முழு நாள் தொடாதீர்கள். பலருக்கும் இந்தக் கட்டை பெயர்ந்து வரும், பழி பசையின் மேல் விழும். பெரும்பாலும் பசை குற்றமற்றது. கட்டை முடியும் இடத்திலேயே வில் வளையத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து ஓர் அங்குலம் தள்ளி வளைவு தொடங்கும்படி தடிமனை விட்டுவைத்தால் பெயராது.

முதுகின் இரு விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டுங்கள். கூர் விளிம்பிலிருந்துதான் சிம்பு கிளம்பும்.

வளைவு திருத்தும்போதுதான் என் இரண்டு வில்லும் ஒடிந்தன. எங்கே தவறு? (ஈரோடு வாசகர்)

அரத்தைக் கொஞ்சம் முன்னமே கீழே வைத்திருக்க வேண்டும். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் ஏறக்குறைய 27 விழுக்காடு போகிறது. 12 மி.மீ. கரத்தில் அது வெறும் 1.2 மி.மீ. முரட்டு அரம் சில நிமிடத்தில் அதைத் தின்றுவிடும்.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி, ஒவ்வொரு கரமும் கொஞ்சமாவது வளைகிறதா என்று பாருங்கள். வளையத் தொடங்கியதும் குதை வெட்டுங்கள். தொய்வான நீள நாண் மாட்டி, சுவரில் அடித்த கட்டையில் வில்லை வைத்து, கப்பி வழியாகக் கயிற்றால் இழுங்கள். கயிற்றுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு தொங்கு தராசு. தள்ளி நின்று இழுக்க முடிவதால் வளைவு கண்ணுக்குத் தெரியும். ஒடிந்தாலும் முகத்தில் அடிக்காது. அப்படியும் கண்ணாடி அணியுங்கள்.

விதி ஒன்றுதான்: உங்கள் இலக்கு 38 பவுண்டு என்றால் எந்த நிலையிலும் 38-ஐத் தாண்டி இழுக்காதீர்கள். நாணை 8 அங்குலம் இழுத்தபோதே தராசு 38 காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அதிகம் வளையும் இடத்தைப் பென்சிலால் கட்டம் போட்டு மறந்துவிடுங்கள். விறைத்து நிற்கும் இடத்தில், வயிற்றுப் பக்கம் மட்டும், கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். உடனே முடிவு பார்க்காதீர்கள். இருபது, முப்பது தடவை அரைகுறையாக இழுத்து விட்ட பிறகுதான் சுரண்டியதன் விளைவு தெரியும். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து மறுபடி சுரண்டுகிறவர்களுக்கே வில் ஒடிகிறது.

இரு கரமும் ஒத்து வளைந்தபின் குட்டை நாண் மாட்டுங்கள். முதலில் கைப்பிடிக்கும் நாணுக்கும் 4 அங்குல இடைவெளி, பிறகு 6. கீழ்க்கரம் ஒரு துளி விறைப்பாக இருக்கட்டும். இழுப்பு 26 அங்குலம் வந்ததும் சுரண்டலை நிறுத்துங்கள். மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். வில்லைக் கட்டையில் இழுத்த நிலையிலேயே கட்டிவிட்டு ரசிக்கப் போகாதீர்கள்.

மழைக்காலத்தில் செய்த வில், நாணைக் கழற்றினாலும் 4 அங்குலம் வளைந்தே நிற்கிறது. (சென்னை வாசகர்)

மரத்தில் ஈரம். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரம் ஏறக்குறைய 9 விழுக்காடு ஈரத்தில் நிலைக்கும். 80 ஆனால் 15–16-க்கு ஏறிவிடும். வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10. ஈர மரத்தின் வயிறு நசுங்கினால் திரும்ப நிமிராது. ஒன்றரை, இரண்டு அங்குல வளைவு மரவில்லில் சாதாரணம், 4 அதிகம். நசுங்கிய நார் காய்ந்தாலும் பழையபடி ஆகாது. அடுத்த பலகையை, வளைக்கும் முன், மரத்தைத் தொடாத தூரத்தில் சூடு தரும் சின்ன மின்விளக்கு எரியும் பெட்டியில் வைத்து, தினமும் எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

வயிற்றில் மயிரிழை போலக் குறுக்குக் கோடுகள். மரப்பசை விட்டுத் தேய்த்தால் போதுமா? (புதுச்சேரி வாசகி)

போதாது. அங்கே நார் நசுங்கி மடிந்திருக்கிறது. அந்த ஒரே இடம் மற்ற இடங்களின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. அதைத் தொடாமல் மேலும் கீழும் சுரண்டி வளைவைப் பங்கிடுங்கள். வலு 25 பவுண்டுக்கு இறங்கும், சிறுவருக்கு ஆகும். கோடு முதுகில் இருந்தால் கதை வேறு: அந்த வில்லை இழுக்கவே கூடாது.

நாண் எதில்? (மதுரை வாசகர்)

டாக்ரான் பி-50 என்ற பாலியெஸ்டர் நூலில், 40 பவுண்டுக்கு 12 இழை. ஒரு காலத்தில் மருள் என்ற செடியின் நாரில் நாண் திரித்தார்கள். வடமொழியில் அதற்கு மூர்வை என்று பெயர். எதில் திரித்தாலும், அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் கரங்களுக்கே திரும்பும். எய்து முடித்ததும் நாணை இறக்கி, வில்லைப் படுக்கையாக இரண்டு ஆணியில் வையுங்கள். மூலையில் சாய்த்து நிறுத்தாதீர்கள்.