ஒரே ஒரு மீன் என்றால்?

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்க்க உங்களுக்கு ரொம்பப் பிடித்த மீன் எது? ஏன்?

பதில்: சந்தேகமே இல்லை, ஃபைட்டர் மீன்தான். வால் அழகுக்காக வாங்குகிறவர்கள் அதிகம். எனக்கு அது பிள்ளை வளர்க்கும் விதம்தான் பிடிக்கும். ஆண் மீன் நீர்மட்டத்தில் எச்சில் குமிழிகளால் நுரைக்கூடு கட்டும். முட்டைகள் கீழே விழ விழ, வாயால் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் வைக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்வரை அதுதான் காவல். தாயைக்கூடக் கிட்டே விடாது.

மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் சின்னக் குவளையிலேயே அடைத்து வைக்கிறார்கள். எனக்கு மனசு கேட்காது. குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 25-27 டிகிரி வெதுவெதுப்பு, வேகம் குறைந்த ஃபில்டர், கொஞ்சம் செடி கொடுங்கள். அப்புறம், ஒரே தொட்டியில் இரண்டு ஆண்களை விடவே கூடாது, ஒன்றையொன்று குதறிவிடும்.