மார்மன் பண்ணை முன்னோரின் குடும்ப வரலாறு மட்டும் எப்படி இவ்வளவு விரிவாகக் கிடைக்கிறது?

மார்மன்கள் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய சமயப் பிரிவினர்; 1847 முதல் யூட்டாவின் வறண்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டிக் குடியேறியவர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்குப் பதிலாக வாரிசு அதைப் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர், ஊர், தேதி எல்லாம் வேண்டும்; தாத்தா பெயரிலுள்ள பட்டாவை மாற்றச் சான்றிதழ் தேடி அலைகிறோமே, அப்படி. 1894-லேயே வம்சாவளிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மார்மன் பண்ணை முன்னோரில் ஒருவர், ஸ்காட்லாந்தில் பிறந்த எபனேசர் பிரைஸ்; யூட்டாவில் மாடு மேய்த்தவர். செம்பாறைத் தூண்கள் நெருங்கி நிற்கும் பள்ளத்தாக்கை, ‘மாடு தொலைந்தால் பெரும்பாடு’ என்றாராம். பண்ணைக்காரர் கவலை அவருக்கு! இன்று அது பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா.

முன்னோருக்குப் பதிலாகப் பெறும் ஞானஸ்நானச் சடங்கு, இறந்தவரை மார்மனாக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்பதே அவர்கள் போதனை.