கணினி கேள்வி-பதில்: பேனா ஒன்று, திரை இரண்டு

கேள்வி: காலண்டர், வாழ்த்து அட்டை வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாகோம் இன்டுயோஸ் சிறிய டேப்லட்டை (பேனாவால் வரைந்தால் கணினித் திரையில் கோடு விழச்செய்யும் பலகை) ஒரே மானிட்டருடன் பயன்படுத்தி வந்தேன். அண்மையில் அதே அளவில் இன்னொரு மானிட்டரை இணைத்ததிலிருந்து, பேனாவால் வட்டம் போட்டால் முட்டை வடிவில் விழுகிறது. கையெழுத்தும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகிறது. பழுது டேப்லட்டிலா, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளிலா?
(வாசகர், சிவகாசி)

பதில்: இரண்டிலும் பழுது இல்லை. மவுஸைத் தூக்கி மேசையின் வேறோர் இடத்தில் வைத்தால் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். பேனாவின் கணக்கு வேறு: டேப்லட்டின் இடது மேல் மூலையில் முனையை வைத்தால் கர்சரும் திரையின் இடது மேல் மூலைக்குப் போகும், வலது கீழ் மூலையில் வைத்தால் அங்கே போகும். அதாவது, டேப்லட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் திரையில் ஓர் இடம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இரண்டாவது மானிட்டரை இணைத்ததும், டிரைவர் இரண்டையும் சேர்த்து ஒரே அகலத் திரையாகக் கருதி, அந்த முழுப் பரப்பையும் உங்கள் சிறிய டேப்லட்டின் மேல் பரப்பிவிட்டது.

உங்கள் டேப்லட்டின் வரையும் பரப்பு 152 மி.மீ. அகலமும் 95 மி.மீ. உயரமும் கொண்டது. மானிட்டர்கள் வழக்கமான 1920 × 1080 வகை என்று வைத்துக்கொண்டால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது மொத்தப் பரப்பு 3840 × 1080 புள்ளிகள் ஆகிறது. இப்போது கை 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் கர்சர் சுமார் 25 புள்ளிகள் ஓடுகிறது. அதே 1 மி.மீ. மேலும் கீழும் நகர்ந்தால் 11 புள்ளிகளே போகிறது. ஆகவே, டேப்லட்டில் 5 செ.மீ. விட்டத்தில் நீங்கள் போடும் வட்டம், திரையில் ஏறத்தாழ 1,263 புள்ளி அகலமும் 568 புள்ளி உயரமுமாக விழும். முட்டை என்று நீங்கள் எழுதியிருப்பது மிகையே இல்லை. அகலம் உயரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல்.

வாகோம் டேப்லட் ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் பேனாவைத் தேர்ந்தெடுத்து, 'மேப்பிங்' (டேப்லட்டின் பரப்பைத் திரையோடு பொருத்தும் அமைப்பு) பக்கத்துக்குச் செல்லுங்கள். 'ஸ்கிரீன் ஏரியா' என்ற இடத்தில், எல்லாத் திரைகளும் என்றிருப்பதை மாற்றி, நீங்கள் வரையும் மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் டேப்லட் 16:10 விகிதத்திலும் மானிட்டர் 16:9 விகிதத்திலும் இருப்பதால், வட்டம் இன்னமும் பத்தில் ஒரு பங்கு அகலமாகவே வரும். பூ, இலை வரைபவர்களுக்கு இது கண்ணில் படாமல் போகலாம். காலண்டருக்குத் தெய்வ உருவங்களின் முகம் வரைய நேர்ந்தால் நிச்சயம் படும். அதே பக்கத்தில் உள்ள 'ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்' கட்டத்தில் ஒரு டிக் போட்டால், டேப்லட்டின் உயரத்தில் ஒன்பதரை மி.மீ. பட்டை பயன்படாமல் ஒதுங்கி, மீதி 152 × 85.5 மி.மீ. பரப்பு திரையோடு சரியாகப் பொருந்திவிடும். அந்தப் பட்டை வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். வட்டம் வட்டமாக வருவதற்கு அது மிகக் குறைந்த விலை.

ஹுயான், எக்ஸ்பி-பென் டேப்லட் வைத்திருப்பவர்கள் அவற்றின் டிரைவரில் வேலைப் பரப்பு, மானிட்டர் தேர்வு ஆகிய இடங்களில் இதையே செய்யலாம்.

கேள்வி: பேனாவை ஒரு திரைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால், அடுத்த திரையில் வைத்திருக்கும் லேயர் (படத்தின் அடுக்குகள்) பட்டியலையும் வண்ணக் கட்டத்தையும் எப்படித் தொடுவது? ஒவ்வொரு முறையும் மவுஸைத் தேடுவது எரிச்சலாக இருக்கிறது.
(கவின்கலை மாணவி, கும்பகோணம்)

பதில்: இதற்கென்றே 'டிஸ்ப்ளே டாகிள்' என்றொரு வசதி டிரைவரில் இருக்கிறது. டேப்லட்டின் பொத்தான்களில் ஒன்றுக்கோ பேனாவின் பக்கப் பொத்தானுக்கோ அதை ஒதுக்கிவிட்டால், ஓர் அழுத்தில் பேனா அடுத்த திரைக்குத் தாவும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். பேனாவின் பக்கப் பொத்தானுக்கு இதைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு இழுக்கும் வேகத்தில் விரல் தவறிப் பட்டால் தூரிகை பாதியில் அடுத்த திரைக்குப் போய்விடும். டேப்லட்டின் மேல் உள்ள பொத்தானே பாதுகாப்பானது. வாகோம் டிரைவரில், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி மேப்பிங் வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

ஆனால் உங்கள் பிரச்சினையின் வேர், அடிக்கடி தொட வேண்டியவற்றை எட்டாத இடத்தில் வைத்திருப்பதுதான் என்று தோன்றுகிறது. வண்ணமும் லேயரும் நிமிடத்துக்கு நாலு முறை தேவைப்படுபவை. அவை வரையும் திரையிலேயே ஓர் ஓரத்தில் இருக்கட்டும். பார்த்து வரையும் புகைப்படம், முழுப் படத்தைச் சிறிதாகக் காட்டும் சாளரம், வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பு என்று கண்ணுக்கு மட்டும் வேலை தருபவற்றை இரண்டாவது திரைக்கு அனுப்பிவிடுங்கள். எப்போதாவது அங்கே கிளிக் செய்ய நேர்ந்தால், இடது கைப் பக்கம் ஒரு மவுஸ் இருந்தால் போதும்.

பேனாவை, மவுஸைப் போலவே நகர்ந்த தூரத்தை மட்டும் கணக்கிடும் 'மவுஸ் மோட்' நிலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. மாற்றினால் இரு திரைகளிலும் தங்குதடையின்றிப் போகலாம். ஆனால் தாளை டேப்லட்டின் மேல் வைத்து நகலெடுக்கும் வசதியும், பேனாவை எடுத்து வைத்த இடத்திலேயே கோட்டைத் தொடரும் பழக்கமும் போய்விடும். ஓவியருக்கு அது நட்டமே.

கேள்வி: திரையுடன் கூடிய டேப்லட்டை லேப்டாப்பில் இணைத்திருக்கிறேன். சில நாட்களில் அதன் திரையில் பேனாவை வைத்தால் கோடு லேப்டாப் திரையில் விழுகிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் சில சமயம் சரியாகிறது. சில சமயம் ஆவதில்லை.
(அனிமேஷன் பணியாளர், சென்னை)

பதில்: கேபிளைக் கழற்றி மாட்டும்போது, விண்டோஸ் திரைகளுக்குத் தரும் வரிசை எண் மாறிவிடக்கூடும், டிரைவரோ பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும். முதலில், டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பகுதியில் திரைகள் 'எக்ஸ்டெண்ட்' நிலையில் (ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்று) இருக்கின்றனவா என்றும், படத்தில் காட்டும் இட வலம் உங்கள் மேசையில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, டிரைவரின் மேப்பிங்கில் டேப்லட்டின் திரையை மீண்டும் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் கோடு இடம் மாறி விழுந்தால், தவறு, விண்டோஸில் பேனாவைக் கையாளும் வசதியான விண்டோஸ் இங்க் பக்கம் இருக்கக்கூடும். கண்ட்ரோல் பேனலில் 'டேப்லட் பிசி செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து 'செட்டப்' பொத்தானை அழுத்தினால், திரைகள் ஒவ்வொன்றாக வெளுத்து, இதுதான் டேப்லட் திரையா என்று கேட்கும். லேப்டாப் திரையில் கேட்கும்போது பேனாவைத் தொடாமல் என்டர் விசையைத் தட்டுங்கள். டேப்லட் திரையில் கேட்கும்போது மட்டும் பேனாவால் தொடுங்கள். முனைக்கும் கர்சருக்கும் நடுவே சிறு இடைவெளி மிஞ்சினால் டிரைவரில் உள்ள 'கேலிபிரேஷன்' அதைச் சரிசெய்யும்.

இடைவெளி விரற்கடை அளவுக்கு இருந்து, அதுவும் குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டும் தெரிந்தால், கேலிபிரேஷனில் நேரம் செலவிட வேண்டாம். லேப்டாப் திரை 150 சதவீத ஸ்கேலிங்கிலும் (எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) டேப்லட் திரை 100 சதவீதத்திலும் இருக்கும்போது இப்படி நேர்வதுண்டு. சோதனைக்கு இரண்டையும் ஒரே சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பயன்படுத்துபவராயின், அதன் டேப்லட் அமைப்பில், பேனாவின் தகவலைப் பெறும் வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் இப்போது இருப்பதை விட்டு மற்றதற்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து சோதியுங்கள். முன்பு வேறு நிறுவன டேப்லட் வைத்திருந்தால் அதன் டிரைவரை நீக்கிவிடுவதும் அவசியம். இரண்டு டிரைவர்கள் ஒரே கணினியில் ஒத்துப்போவது அரிது.

கேள்வி: லினக்ஸில் பேனாவை ஒரு மானிட்டருக்கு ஒதுக்க முடியுமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: முடியும். க்னோம் மேசைத்தளத்தின் செட்டிங்ஸில் வாகோம் பகுதியிலேயே, மானிட்டரைத் தேர்ந்தெடுக்கவும் விகிதத்தைக் காக்கவும் வழி இருக்கிறது. லினக்ஸில் திரையைக் கையாளும் அமைப்புகள் எக்ஸ்11, வேலண்ட் என இரண்டு உண்டு. எக்ஸ்11 சூழலில் 'எக்ஸ்செட்வாகோம்' கட்டளையின் 'மேப்-டு-அவுட்புட்' என்ற தேர்வுக்கு மானிட்டரின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் கணினியை அணைத்ததும் அது மறந்துவிடும் என்பதால், கணினி தொடங்கும்போதே தானாக இயங்கும்படி அக்கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். வேலண்ட் சூழலில் இக்கட்டளை வேலை செய்யாது. அங்கே செட்டிங்ஸ் மட்டுமே வழி.